நூறு லிட்டர்க் கடல்

கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புவோர் பெரும்பாலும் ஒரு பிழைக்கணக்கோடுதான் தொடங்குகின்றனர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெரிய தொட்டிக்குப் பணமும் இடமும் மிகுதியாக வேண்டும், தவறு நேர்ந்தால் இழப்பும் பெரிது. ஆகவே சிறியதொரு கண்ணாடிப் பெட்டியில் பழகிக்கொண்டு, கை தேர்ந்தபின் பெரியதற்குப் போகலாம் என்பது அந்தக் கணக்கு. மிதிவண்டிக்கு இது பொருந்தும். கடலுக்குப் பொருந்தாது.

கடலில் எந்த மாற்றமும் மெல்லத்தான் நிகழ்கிறது. பகல் முழுதும் வெயில் காய்ந்தாலும் பவளத்திட்டின் மேலுள்ள நீர் சற்றே வெதுவெதுப்பாகும், அவ்வளவே. ஒரு மீன் செத்து அழுகினால் அந்த அழுகலைக் கரைத்து இல்லாமற் செய்ய எல்லையற்ற நீர் சுற்றிலும் நிற்கிறது. இந்தப் பேரளவின் காவலிலேயே வாழ்ந்து வந்த திட்டு உயிர்களுக்கு, மாற்றத்தைத் தாங்கும் திறத்தை வளர்த்துக்கொள்ளத் தேவையே இருந்ததில்லை. கழிமுகத்து மீன் மழைக்காலத்து நன்னீரையும் கோடைக்காலத்து உவர்நீரையும் மாறிமாறிப் பொறுக்கும். திட்டில் வாழும் இறால் அப்படிப் பொறுக்காது. அதைக் கொண்டுவந்து நூறு லிட்டர் நீருக்குள் விடும்போது நாம் பறித்துக்கொள்வது அந்தப் பேரளவைத்தான். உப்பும் ஒளியும் அலையும் கடையில் கிடைக்கும். பேரளவுக்கு ஈடாக வைக்க நம்மிடம் இருப்பது நாள்தோறும் தவறாத கவனம் ஒன்றே. தொட்டி சிறுக்கச் சிறுக்க அந்தக் கவனம் பெருக வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி இடர் தீர்ந்தது.

என் தொட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 127 லிட்டர் கொள்ளும். மணல், கல், மேல்விளிம்பில் விடும் இடைவெளி எல்லாம் போக நீர் நூறு லிட்டர் நிற்கும். இதற்குக் குறைவாகத் தொடங்க வேண்டா என்பது என் கருத்து. கண்ணாடியும் கல்லும் நீரும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல் போகும் என்பதால், சென்னையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நான், உத்தரம் ஓடும் சுவரையொட்டி இரும்புத் தாங்கியின் மேல் அதை நிறுத்தினேன். வெயில் படாத இடம் அது. மின்செருகி கையெட்டும் தொலைவில் இருக்கிறது. இடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அப்படியானால் அடுக்களை உப்பை 35 கிராம் நிறுத்துப் போட்டால் கடல்நீர் ஆகிவிடாதா என்று யாரும் கேட்பார்கள். விடை தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் உப்பளப் பாத்திகளில் கிடக்கிறது. பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதன் பின்னரே நாம் உண்ணும் உப்பு பூக்கிறது. உப்பை வாரியெடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரை வெளியே வடித்துவிடுவார்கள். கடலின் மக்னீசியம் பெரும்பாலும் அந்தக் கசப்போடு போய்விடுகிறது. நல்ல உப்பளக்காரர் கடலிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துத் தருகிறார். மற்றவற்றை விட்டுவிடுவதே அவர் தொழில்நுட்பம். 35 கிராமில் குளோரைடு 19 கிராமும் சோடியம் 11 கிராமும் போக, சல்பேட்டு 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம் என்று இருக்கின்றன. நத்தை ஓடு கட்டுவதும் கல்லின் மேல் ஊதாப் பாசி படர்வதும் அந்தச் சிறு பங்குகளை நம்பித்தான்.

1872 முதல் 1876 வரை ‘சேலஞ்சர்’ என்னும் பிரித்தானியக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. அது கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலார் பகுத்துப் பார்த்து 1884-இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலில் அள்ளினாலும் உப்பின் மொத்த அளவு கூடலாம், குறையலாம். முதன்மையான உப்புகள் தமக்குள் கொண்டிருக்கும் பங்கு மட்டும் மாறுவதில்லை. வீட்டில் தொட்டி வைப்பவர்க்கு இதைவிடப் பெரிய கொடை ஒருவர் தந்திருக்க முடியாது. பங்கு மாறாது என்பதால், ஒன்றை அளந்தாலே மற்றவை எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடைகளில் கிடைக்கும் கடலுப்புக் கலவை அந்தப் பங்கின்படி கூட்டியது. நூறு லிட்டருக்கு நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். அளக்கும் கருவி கைக்கு அடக்கமான ஓர் ஒளிவிலகல்மானி. சாய்ந்த கண்ணாடியில் ஒரு துளி நீர் இட்டு, மூடியைப் படியவைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தால் மேலே நீலமும் கீழே வெண்மையும் தெரியும். இரண்டும் கூடும் கோடு 35-இல் நிற்க வேண்டும். இந்தக் கருவி வாங்காமல், மிதக்கும் நெகிழிமுள் உள்ள மலிவுக் கருவியை நம்பிக் கெட்டவர் பலர். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அது பொய் சொல்லும்.

உப்பைக் கரைக்கும் நீர் எதுவோ அதுவும் கேள்விக்குரியது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே ஏதேதோ கரைந்திருக்கும். குழாய் நீரில் கிருமி கொல்லச் சேர்த்த மருந்து இருக்கும். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே என்று நான் மகிழ்ந்திருந்தேன். குடிநீருக்கான அந்தக் கருவிகள் பலவற்றில், சுவை கெடாமலிருக்கப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு ஒன்று உள்ளே இருக்கும் என்பது பின்னர்தான் தெரிந்தது. கரைபொருள் அளவி 80 காட்டியது. திருகை மூடிய பிறகு 20. அதையும் அயனி நீக்கும் பிசின் அடைத்த ஒரு குழல் வழியே விட்ட பிறகே அளவி சுழியத்துக்கு வந்தது. அந்த 80 என்பதற்குள் என்ன இருந்தது என்று கருவி சொல்லாது. செம்பு ஒரு துளி இருந்தாலும் நத்தைக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. சிலிக்கேட்டும் பாசுபேட்டும் இருந்தால் வேண்டாத பாசிக்கு விருந்து.

கடற்கரைக்கே போய் நீரை அள்ளி வரலாமே என்று என் தந்தையார் கேட்டார். கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் நின்று கொண்டு அதைக் கேட்டிருந்தால் அவரே விடையும் சொல்லியிருப்பார்.

இனி, என் பட்டறிவில் மிகுந்த விலை கொடுத்து வாங்கிய பாடம். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத தூய நீர். சென்னைக் கோடையில், மேலே மின்விசிறி சுழல, என் தொட்டி நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் இழக்கிறது. கண்ணாடியில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, நீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கோடு வரை ஊற்றுவது என் காலைக் கடமை. ஒரு மே மாதத்தில் பத்து நாள் ஊருக்குப் போகவேண்டி வந்தது. எதிர்வீட்டுச் சிறுவனிடம் கோட்டைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவன் பெருமையோடு வாயிலில் நின்றான். “மாமா, ஒரு நாள்கூட விடல. கோடு வரைக்கும் சரியா ஊத்தினேன்.”

கோடு வரை நீர் இருந்தது. ஆனால் இறாலைக் காணவில்லை. கல்லின் பின்னே அதன் வெண்ணிறக் கூடு கிடந்தது. தோலுரித்த கூடு என்று முதலில் எண்ணினேன், உள்ளே உடல் இருந்தது. நத்தைகள் ஓட்டை மூடிக்கொண்டு மணலில் உருண்டு கிடந்தன. கருவியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். கோடு 40-இல் நின்றது. தொட்டிக்குக் கீழே நான் வைத்திருந்தவை ஒரே நிறத்து நீல வாளிகள் இரண்டு. ஒன்றில் தூய நீர். மற்றொன்றில், வார மாற்றத்துக்காக முன்கூட்டியே கரைத்து வைத்த உப்புநீர். அவன் முன்னால் இருந்ததை எடுத்தான். பத்து நாளில் 15 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம். மிகையாகச் சேர்ந்தது அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான உப்பு. நூறு லிட்டரில் அது லிட்டருக்கு ஐந்து கிராமாக ஏறியிருந்தது. கணக்கு அவ்வளவு துல்லியமாக ஒத்துவந்தது கண்டு, அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு வியப்பு எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. சிறுவன்மேல் பிழையில்லை, வாளியில் எழுதி வைக்காத கை என்னுடையது. உப்புநீரை நாளுக்கு மூன்று லிட்டராக எடுத்துத் தூய நீரை ஊற்றி, ஐந்து நாளில் மெல்ல இறக்கினேன். இழந்த உப்பைவிடச் சேர்ந்த உப்பை விரைவாகத் திருத்தத்தான் கை துடிக்கும். அந்த விரைவும் உயிரைக் கொல்லும். மீன்கள் பிழைத்தன. இன்று ஒரு வாளி நீலம், மற்றொன்று சிவப்பு.

அடுத்தது கல். பவளத்தொட்டி என்றதும் மனத்தில் தோன்றுவது பவளம்தான். இந்தியாவில் இருந்துகொண்டு தொடங்குகிறவர் இங்கே ஒரு நொடி நின்று சட்டத்தை அறிந்தாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் திட்டு கட்டும் கற்பவளங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, இவற்றோடு கடற்குதிரையும் கடலட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. புலிக்கு என்ன காவலோ அதே காவல் இவற்றுக்கும். கடலிலிருந்து பெயர்த்த ‘உயிர்க்கல்’ என்று யாரேனும் காதோடு காதாகச் சொல்லி விற்க வந்தால், அது பெரும்பாலும் பவளத்தின் உடைந்த எலும்பே. உலர்ந்திருந்தாலும் அது குற்றப்பொருள்தான்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர் மன்னார் வளைகுடாவைப் பார்க்க வேண்டும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று கணக்கு. 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் இன்று நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்துக் கரை சேர்த்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போனபின் மணல்தீவு நிற்க முடியவில்லை. இழப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில இயற்கையியலார் கடல்நீர்த் தொட்டி பற்றி எழுதிய நூல் இங்கிலாந்தில் பெரும் மோகத்தைக் கிளப்பியது. வாளியும் உளியுமாகக் கரைக்கு ஓடியவர்கள் பாறைக்குட்டைகளைத் துடைத்தெடுத்துவிட்டனர். தன் தந்தையின் நூலே அந்த அழிவுக்கு வழி திறந்தது என்று மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வருந்தி எழுதினார். கடலை விரும்புகிறவர்களாலேயே கடற்கரை வெறிச்சோடிய கதை அது.

பிற நாடுகள் சிலவற்றில் தொட்டியிலேயே வளர்ந்த பவளத்தின் கிளையை ஒடித்து, சிறு வில்லையில் ஒட்டி விற்கிறார்கள். அங்கே வாழும் தமிழர்க்கு அந்த வழி திறந்திருக்கலாம். நான் சுட்ட மண்ணால் செய்த துளைக்கற்களை வாங்கினேன். வளைகளும் புழைகளும் உண்டாகுமாறு சாய்த்து அடுக்கி, பின்சுவரைத் தொடாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டேன். அழுக்கு தேங்காமல் நீர் பின்னாலும் சுற்றிவர அந்த இடைவெளி தேவை. கல்லை முதலில் கண்ணாடித் தளத்தில் ஊன்றிவிட்டுப் பிறகு மணலைப் பரப்ப வேண்டும். மணல்மேல் நிறுத்திய கல்லை, பள்ளம் பறிக்கும் மீன் ஒன்று என்றேனும் சாய்த்துவிடும்.

பவளம் இல்லாத திட்டில் பின் எது உயிர் தருவது? இங்கே எனக்கு வழி காட்டியவர் காஸுக்கும் முந்திய ஒரு பெண்மணி. அன்னா தைன் என்பவர் 1846-இல் டார்க்கே கடற்கரையில் கிண்ணம்போன்ற சிறு பவளங்களைக் கண்டு மயங்கி, வண்டியில் அசையாதிருக்க அவற்றைக் கடற்பஞ்சோடு நூலால் தைத்து, இலண்டனில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எக்கி இல்லாத காலம். திறந்த சாளரத்தின் அருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு நீரை மாறிமாறி ஊற்றிக் காற்றுக் கலக்க வேண்டும். நாள்தோறும் முக்கால் மணி நேரம் வரை அதைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். நம் ஊரில் டீ ஆற்றுவதைப் பார்த்த எவர்க்கும் அந்தக் காட்சி எளிதில் விளங்கும். பணிப்பெண்ணின் பெயர் எங்கும் பதிவாகவில்லை; உலகின் முதல் காற்றெக்கி அவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த ஆண்டு அன்னா தைன் கடற்பாசியைக் கொண்டுவந்து அந்நீரில் வளரவிட்டார். பாசி உயிர்வளியைத் தந்தது; உயிர்களின் கழிவைத் தின்றது.

மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் பகுதியில் பாசி எடுக்கும் பெண்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை: கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. தெரிந்தவர் ஒருவர், கயிற்றில் கட்டி வளர்த்த கஞ்சிப்பாசியில் ஒரு கைப்பிடியை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். அதை ஒரு மூலையில் கல்லிடுக்கில் செருகினேன். நாளுக்கு எட்டு மணி நேர வெள்ளொளி அதற்குப் போதுமாக இருக்கிறது. திங்களுக்கொரு முறை ஒரு பிடி கத்தரித்து எடுக்கிறேன். அந்தப் பிடிக்குள் நீரின் கழிவு உருமாறி வெளியேறுகிறது. பார்க்க அழகான கடல்திராட்சைப் பாசியையும் ஒருமுறை வைத்தேன். ஒரே இரவில் தன் உடலை வெறுங்கூடாக்கி விதைத்தூளையெல்லாம் நீரில் கொட்டிவிடும் இயல்பு அதற்கு உண்டு. விடியலில் தொட்டி மோர்போல் இருந்தது. அதன் பிறகு அதை வைப்பதில்லை.

கல்லும் மணலும் உப்புநீரும் வைத்தாயிற்று, எக்கி சுழல்கிறது, நீர் பளிங்குபோல் தெளிந்து நிற்கிறது. மீன் வாங்கக் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குக் கிளம்பத் தோன்றும் நாள் இதுதான். கிளம்பக் கூடாத நாளும் இதுதான். அந்தத் தெளிந்த நீர் உயிரற்றது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை ஓயாமல் வெளியிடுகிறது. நீரில் அது இரு உருவில் நிற்கும். மின்னேற்றம் கொண்ட உருவால் தீங்கு குறைவு. மின்னேற்றமற்ற வளியுருவோ செவுளைக் கடந்து உள்ளே புகுந்து கொல்லும். நடுநிலை நன்னீரில் வளியுரு நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை, காரகாடித்தன்மை (pH) 8.2 ஆக உள்ள கடல்நீரில் அது பத்து மடங்கு போல உயர்ந்துவிடுகிறது. நன்னீரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அழுக்கு, கடல்நீரில் கொலைக்கருவி ஆவது இப்படித்தான்.

அம்மோனியாவை நைட்ரைட்டாக ஒருவகை நுண்ணுயிரியும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக வேறொரு வகையும் மாற்றுகின்றன. உணவுக்காக ஒளியையோ இறந்த உடலையோ நாடாமல், இந்த வேதிமாற்றத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று வாழும் உயிர்கள் இவை என்பதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருசிய அறிவியலார் செர்கேய் வினோகிராட்சுகி நிறுவினார். நூறாண்டுக்கும் மேலாகக் கடலிலும் இவ்வேலையைச் செய்வன பாக்டீரியாக்கள் என்றே நம்பியிருந்தோம். 2005-இல் ஒரு திருப்பம். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொதுக் காட்சியகத்தில் ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி. அதன் அடியிற் கிடந்த சரளையிலிருந்து அம்மோனியாவை உண்டு வாழும் ஓர் ஆர்க்கியாவைப் பிரித்தெடுத்தனர். பாக்டீரியாவுக்குள் அடங்காத வேறொரு பெருங்குலம் அது. ‘நைட்ரோசோபுமிலசு மாரிடிமசு’ என்ற அதன் பெயரின் பிற்பாதிக்குக் ‘கடற்குள்ளன்’ என்று பொருள் சொல்லலாம். அதன் இனத்தார் உலகக் கடல்கள் எங்கும் எண்ணிலடங்காது நிறைந்திருக்கின்றனர் என்று பின்னர்த் தெளிவாயிற்று. கடல் முழுதும் இருந்த ஒன்றை ஒரு மீன்தொட்டியின் கூழாங்கல்லில் கண்டெடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் தொட்டியின் அழுக்குப் படிந்த கல்மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டாகிறது.

இந்தக் குள்ளர்கள் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பட்டினியில் அவை பெருகா. எனவே மீனில்லாத தொட்டிக்கு அம்மோனியா தர வேண்டும். அங்காடியில் வாங்கிய பச்சை இறால் ஒன்றை மெல்லிய துணியில் முடிந்து நீரில் தொங்கவிட்டேன். நான்காம் நாள் வீட்டில் கருவாட்டு மணம். வீட்டார் முகத்தில் நான் பார்த்ததைப் பற்றி எழுதவில்லை. சோதனைக் குப்பியில் ஐந்து மில்லிலிட்டர் நீரெடுத்து மருந்துத்துளிகளை விட்டுக் குலுக்கினால், நல்ல நீர் எலுமிச்சை மஞ்சளாகவே நிற்கும். அம்மோனியா இருந்தால் பச்சையேறும். முதல் வாரம் இளம்பச்சை, இரண்டாம் வாரம் மாந்தளிர்ப் பச்சை போய் மாவிலைப் பச்சை. பிறகு ஒருநாள் பச்சை வெளிறத் தொடங்கியது. அதே நாள்களில் நைட்ரைட்டுக் குப்பி ஊதாநிறம் காட்டியது. அதுவும் ஏறி, தயங்கி, ஆறாம் வாரத்தில் ஒரு காலை, வானநீலத்துக்குத் திரும்பிவிட்டது. இரவு ஒன்றும் நிகழாததுபோல் இருந்த நீரில் அத்தனையும் நிகழ்ந்திருந்தது.

இடையில் கல்லும் மணலும் மஞ்சள் பழுப்பாகத் துருப்பிடித்தாற்போல் ஆகும். தொடங்குவோர் பலர் அஞ்சி எல்லாவற்றையும் கழுவிக் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அது மணற்சத்தை உண்டு கண்ணாடிக் கூடு கட்டும் நுண்பாசி. உணவு தீர்ந்ததும் தானே ஓயும். இரண்டு மூன்று நத்தைகளை விட்டால் இன்னும் விரைவில் ஓயும். அந்த நத்தைகளின் ஓட்டில் ஒட்டி வந்த ஊதாநிறப் பொட்டுகள், ஆண்டிறுதிக்குள் என் மண்கற்களின்மேல் தாமாகப் படர்ந்தன. கடையில் வாங்கிய கல் கடற்கல்லாக மாறியது அப்போதுதான்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் எதைப் பற்றியும் எழுத முடியாது. சித்திரையில் வீட்டுக்குள் நிற்கும் நீர் 32 பாகையைத் தொடும். திட்டு உயிர்களுக்கு ஏற்றது 25 முதல் 28 வரை. சூடு ஏற ஏற உயிர்களின் மூச்சு விரைவாகிறது. அதே சூட்டில் நீர் உயிர்வளியை வெளியே விடுகிறது. 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் எட்டு மில்லிகிராமுக்கு மேல் உயிர்வளியைத் தாங்கும்; கடல்நீர் ஏழுகூடத் தாங்காது; 32 பாகையில் அது ஆறுக்கு வந்துவிடும். ஆக, இரவில், விளக்கணைந்து, பாசியும் மூச்சுவிடும் நேரத்தில், மின்சாரம் போனால் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய்பிளக்க நெடுநேரம் ஆகாது. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றெக்கி ஒன்று முதல் நாளிலிருந்தே வீட்டில் இருக்க வேண்டும். மீனைவிட முன்னதாக வாங்க வேண்டிய பொருள் அது.

குளிரூட்டிகள் விலை மிகுந்தவை, இரைச்சலும் இடுகின்றன. மண்பானை எப்படிக் குளிர்கிறதோ அப்படியே தொட்டியையும் குளிர்விக்கலாம். நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியை வீசவிட்டால் ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. வறண்ட நாளில் மூன்று பாகை வரை இறங்குகிறது. கடற்காற்று ஈரத்தோடு வரும் நாளில் ஒன்று இறங்கினாலே பெரிது. இப்படிக் குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலை ஆவியாதல். ஆவியாதலுக்குக் கொடுக்கும் விலை உவர்ப்பேற்றம். மீண்டும் அந்தக் கறுப்புக் கோட்டுக்கும் வாளிக்கும் வந்துவிட்டோம். பேரளவில் இவை தனித்தனி. நூறு லிட்டரில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசைகிறது.

வேவ்மேக்கர் என்று கடைக்காரர் சொல்லும் நீர்த்தள்ளி ஒன்று, மணிக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டர் தள்ளுவது போதும். மேற்பரப்பு நெளியுமாறு அதைச் சாய்த்து வைக்க வேண்டும். கழிவை நுரையோடு நீக்கும் நுரைபிரிப்பான் சிறு தொட்டிக்குக் கட்டாயமில்லை. வாரந்தோறும் பத்து லிட்டர் நீரை மாற்றினால் அதன் வேலை முடிந்துவிடும்.

மீனுக்கு வருவோம். கோமாளி மீனைத்தான் நானும் விட்டேன். எல்லாரும் செய்வதையே செய்யக் கூச்சப்பட வேண்டியதில்லை. கடலில் பிடித்ததா, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்குவது ஒன்றே வேண்டும். மண்டபத்தில் உள்ள நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையமும் இம்மீன்களைக் கரையிலேயே இனம் பெருக்கும் நுட்பத்தில் உழைத்திருக்கின்றன. கரையில் பிறந்த குஞ்சு தொட்டித் தீவனத்தை முதல் நாளே உண்ணும். கடலில் பிடித்த மீனைப் பட்டினியிலிருந்து மீட்பது தொடங்குவோரால் ஆகாத செயல். கடற்சாமந்தி இல்லாவிட்டால் இது வாழாது என்று சொல்வர். கொடியவர்கள் நிறைந்த கடலில் அது உண்மை. தின்ன வருவோர் இல்லாத தொட்டியில், கஞ்சிப்பாசிப் புதரையே அவை தம் சாமந்தியாக ஏற்றுக்கொண்டன. இரவில் அதற்குள் புகுந்து சாய்ந்து உறங்கின.

இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால் இணை தானே அமையும். இவ்வினத்தில் எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகாமலே வளர்கின்றன. இரண்டில் எது மற்றதை அடக்கி மேலோங்குகிறதோ அது பெரிதாகிப் பெண்ணாகிறது. அடங்கியது சிறிதாக நின்று ஆணாகிறது. பெண் இறந்துவிட்டால் ஆண் சில வாரங்களில் பெண்ணாக மாறிவிடும். என் தொட்டியில் முதல் ஆண்டு நடந்தது முழுக்க இந்த வழக்குத்தான். சிறியது பெரியதன் முன்னே பக்கவாட்டில் சாய்ந்து உடல் நடுங்கிக் காட்டும். பணிவை அவ்வளவு தெளிவாகச் சொல்லும் உடல்மொழியை நான் அலுவலகங்களில்தான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், மூலையிற் சாய்த்து வைத்திருந்த ஓட்டுச்சில்லை இரண்டும் வாயால் கொத்திக் கொத்தித் துலக்கத் தொடங்கின. ஒரு பிற்பகலில் அதன்மேல் செம்மஞ்சள் மணிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன, இருநூறு இருக்கலாம். ஆண்மீன் அன்று முதல் அவ்விடம் விட்டு அகலவில்லை. மார்த்துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. வெளுத்துப்போன முட்டை ஒன்றைக் கண்டால் வாயால் பொறுக்கி அகற்றியது. ஐந்தாம் நாள் மணிகள் சாம்பல் நிறமாயின. உருப்பெருக்காடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிக் கண்கள் என்னைப் பார்த்தன.

எட்டாம் நாள் இரவு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழிந்தபின், கைவிளக்கின் ஒளியைத் துணியால் மறைத்து உள்ளே காட்டினேன். நீர் முழுதும் மயிரிழைபோன்ற உடல்கள் துடித்துக்கொண்டு ஒளியை நோக்கி வந்தன. அவற்றுக்கு முதல் நாள்களில் வேண்டிய இரை, சக்கர நுண்விலங்குகள் போன்ற, கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள். ஒரு குஞ்சைச் சுற்றி அவை எந்நேரமும் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். கடலில் இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்தில் தனித் தொட்டிகளில் பச்சைநீர் வளர்த்து அவற்றைப் பெருக்குகிறார்கள். என் நூறு லிட்டரில் அவை இல்லை. நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

காலையில் நீர் தெளிந்திருந்தது. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்த அளவை நீல வாளியிலிருந்து மொண்டு ஊற்றினேன். பெண்மீன் பாசிப்புதரிலிருந்து வெளியே வந்து தீவனம் கேட்டது. பதின்மூன்றாம் நாள் அதே ஓட்டில் மீண்டும் செம்மஞ்சள் மணிகள் இருந்தன.